தூங்கும் கணினியை எழுப்பும் டிரைவரை எப்படிப் படிப்பது

நீடாமங்கலம் பக்கம் என் சித்தப்பாவின் விதைநெல் கிடங்கில் ஒரு பழைய கணினி இருக்கிறது. மூட்டைகளுக்கு நடுவே உள்ள சென்சார் பெட்டி சேர்த்து வைக்கும் ஈரப்பதக் கணக்கை அது வாங்கிப் பதியும். சான்று விதைநெல்லில் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடங்குக் காற்றைக் கவனிக்காமல் விட முடியாது. மழைக்காலத்தில் கரண்டும் போகும். இன்வெர்ட்டரை மிச்சப்படுத்த கணினியைத் தூங்க வைத்துவிட்டு, மன்னார்குடி வீட்டிலிருந்து நான் காலையும் மாலையும் எழுப்புவேன். நெட்வொர்க் வழியாக ஒரு பாக்கெட் அனுப்பி இப்படி எழுப்புவதற்குத்தான் வேக்-ஆன்-லேன் என்று பெயர்.

பழைய நெட்வொர்க் கார்டு போய் புதிதாக ஒன்று போட்டதும் அது எழவே இல்லை. "ஏம்மா, எழுப்பிட்டேன்னு சொல்றே, இங்க லைட்டே எரியலையே" என்று சித்தப்பா போன் செய்வார். அப்புறம் மழையில் வண்டியை எடுத்துப் போய் பட்டனை அமுக்குவார். நெட்வொர்க் கார்டின் அமைப்பைக் காட்டும் ஈத்டூல் கருவியில் பார்த்தால் 'வேக்-ஆன்: ஜி' என்று சரியாகவே காட்டியது. ஜி என்றால், மேஜிக் பாக்கெட் என்னும் எழுப்பும் பாக்கெட் வந்தால் எழ வேண்டும் என்று பொருள். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கோடைத் திறந்து படித்த பிறகுதான் புரிந்தது. வேக்-ஆன்-லேன் அமைப்பை வாங்கிக்கொள்ளும் செட்_வோல் ஃபங்ஷன், கேட்டதை ஒழுங்காகக் குறித்துக்கொண்டது. தூங்கப் போகும்போது ஓடும் சஸ்பெண்ட் ஃபங்ஷனோ அந்தக் குறிப்பைப் பார்க்காமலே, கேபிளில் வரும் சிக்னலை வாங்கும் ஃபை (PHY) சிப்பை அணைத்துவிட்டது.

அன்றிலிருந்து வேக்-ஆன்-லேன் பேட்ச், அதாவது டிரைவர் கோடில் திருத்தம், எது சரிபார்க்க வந்தாலும் நான் சஸ்பெண்டைத்தான் முதலில் படிக்கிறேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முறைத் தண்ணீர் ராத்திரியில் வரும் நாட்களில் எங்கள் அப்பா மடையடியில் லாந்தரோடு உட்கார்ந்திருப்பார். வீடு தூங்கும், அவர் தூங்க மாட்டார். கணினி தூங்கும்போது நெட்வொர்க் கார்டு செய்யும் வேலையும் அதுதான். மேஜிக் பாக்கெட்டுக்குள் ஆறு பைட் எஃப்எஃப், அதன் பின் அந்தக் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி 16 முறை, மொத்தம் 102 பைட். பிராசஸர் உதவியில்லாமல் சிப்பே இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் வேண்டும், ஃபை விழித்திருக்க வேண்டும், பாக்கெட்டை வாங்கும் பகுதிக்குக் கிளாக் ஓட வேண்டும், எழுப்பும் சிக்னல் வெளியே போக வழி இருக்க வேண்டும். இதில் ஒன்றை அணைத்தாலும் மடைக்காரரின் லாந்தரைப் பிடுங்கியது போலத்தான்.

ஆகவே சஸ்பெண்டில் எதையெல்லாம் அணைக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். கிளாக், ரெகுலேட்டர், ரிசீவர், ஃபை, எதை அணைத்தாலும் அதற்கு முன் 'இது கணினியை எழுப்ப வேண்டியதா' என்று பார்க்கும் டிவைஸ்_மே_வேக்கப் கேள்வி இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வரியிலேயே கருத்து எழுதுங்கள். பாக்கெட்டை நினைவகத்துக்கு நகர்த்தும் டிஎம்ஏ நிற்கலாம், ரிசீவர் நிற்கக் கூடாது. லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள பொதுவான ஃபை_சஸ்பெண்ட், வேக்-ஆன்-லேன் இயங்கினால் வழக்கமாக ஃபையை அணைக்காமல் மறுத்துவிடும். அதைச் சுற்றிக்கொண்டு ஃபையின் 0-வது ரெஜிஸ்டரில் 11-வது பிட்டை, அதாவது பவர்-டவுன் பிட்டை, நேரடியாக எழுதும் டிரைவர்கள் உண்டு. கிடங்கில் எங்களைப் படுத்தியது அதே பிட்தான். மின்சாரம் மிச்சம் பிடிக்க லிங்க் வேகத்தை 1000 மெகாபிட்டிலிருந்து 10 அல்லது 100-க்கு இறக்கியிருந்தால், மேக் (MAC) பக்கமும், அதாவது ஃபை தரும் பாக்கெட்டைக் கையாளும் பகுதியும், அதே வேகத்துக்கு மாறியதா என்று பாருங்கள். ஒன்று மாறி மற்றொன்று மாறாவிட்டால் பாக்கெட் வந்தும் புரியாது.

ஷட்டவுன் தனி ஃபங்ஷன். சஸ்பெண்டில் சரி செய்துவிட்டு இதை மறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முழுதாக அணைத்த கணினியையும் எழுப்ப முடியும் என்று பேட்ச் சொன்னால், இந்த வழியையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும்.

அடுத்து செட்_வோல், அமைப்பைத் திருப்பிச் சொல்லும் கெட்_வோல். ஹார்டுவேரால் முடிந்ததை மட்டுமே 'சப்போர்ட்டட்' என்று கெட்_வோல் சொல்ல வேண்டும். முடியாததைக் கேட்டால் செட்_வோல் பிழை திருப்ப வேண்டும், கேட்டதைச் சேமித்து வைத்துவிட்டுப் பிறகு சரிபார்க்கக் கூடாது. டிரைவர் கார்டைத் தொடங்கி வைக்கும் புரோப் நேரத்தில், 'இதனால் எழுப்ப முடியும்' என்று குறிக்கும் டிவைஸ்_செட்_வேக்கப்_கேப்பபிள் இல்லாவிட்டால், பின்னால் வரும் டிவைஸ்_செட்_வேக்கப்_எனேபிள் பிழைதான் தரும். அந்தத் திரும்பும் மதிப்பைப் பலர் பார்ப்பதே இல்லை. எழுப்பும் வேலையை ஃபையே செய்யும் சர்க்யூட் பலகைகளும் உண்டு. அங்கே முதலில் ஃபையைக் கேட்டு, அது முடியாது என்றால் மேக்கிடம் வர வேண்டும்.

இன்டரப்ட் சிக்னல் கணினியை எழுப்ப வழி விடும் எனேபிள்_ஐஆர்க்யூ_வேக் எத்தனை முறை அழைக்கப்படுகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். பயனர் ஒரே கட்டளையை இரண்டு தடவை கொடுத்தால் எண்ணிக்கை இரண்டாகிவிடும், அணைக்கும்போது ஒன்று மிஞ்சும். முன்பு என்ன நிலை என்று பார்த்த பிறகே அழைக்க வேண்டும்.

எழும்போது ஓடும் ரெஸ்யூமில், எழுப்பியதற்கான ஸ்டேட்டஸ் பிட்டை அழித்தார்களா, மேஜிக் பாக்கெட் நிலையிலிருந்து சிப்பை வெளியே எடுத்தார்களா என்று பார்த்தால் போதும். இரண்டாவதை விட்டால் சில சிப்கள் மற்ற பாக்கெட்டுகளைக் கீழே போட்டுக்கொண்டே இருக்கும்.

படித்தது போதாது, சோதியுங்கள். ஒரு தடவை எழுந்ததும் விட்டுவிடாமல் தொடர்ந்து மூன்று தடவை தூங்க வைத்து எழுப்புங்கள். தூங்கும்போதே கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மேக் முகவரியை மாற்றிவிட்டுப் புது முகவரிக்கு அனுப்புங்கள். ஈத்டூலில் 'டி' போட்டு வேக்-ஆன்-லேனை அணைத்த பின் எழக் கூடாது, அதையும் பார்க்க வேண்டும். பாக்கெட் ரௌட்டரைத் தாண்டாது என்பதால் கிடங்கிலேயே ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வைத்து அதிலிருந்துதான் அனுப்புகிறேன். பாக்கெட் கேபிள் வரை வந்ததா என்று பக்கத்துக் கணினியில், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்துப் பார்த்துவிட்டால், டிரைவர் மேல் வீண் பழி விழாது. கரண்ட் முழுக்கப் போய் வந்த பிறகு, ஒரு முறை பூட் ஆகும்வரை பல பலகைகள் எழுவதில்லை. எங்கள் ஊரில் இதைச் சோதிக்க மெனக்கெட வேண்டியதில்லை, மழை வந்தாலே நடந்துவிடும்.

கருத்து எழுதும்போது எந்த வரி, எந்த நிலை, என்ன ஆகும் என்று மூன்றையும் சொல்லுங்கள். "சஸ்பெண்ட் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அனுப்பியவருக்கு ஒரு வாரம் வீண். நான் கேட்பது இப்படி: "வேக்-ஆன் ஜி இருக்கும்போது இந்த வரி ஃபையை அணைக்கிறது, பாக்கெட் வந்து சேராது. நிபந்தனை போட முடியுமா? எந்தப் பலகையில், சஸ்பெண்டா ஷட்டவுனா, எத்தனை முறை சோதித்தீர்கள் என்று பேட்ச் விளக்கத்தில் சேர்க்கவும்." இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வராமல் பேட்சைப் படித்துச் சரி என்றவர் பெயர் வரும் ரிவியூட்-பை வரியில் என் பெயரைப் போடுவதில்லை.