உளவு இயந்திரம் வாடகைக்கு! எழுத்துப்பிழையை ஊர்ப்பெயர் வைத்துத் திருத்துவது எப்படி?

கடைக்கு வந்த ஐயா ஒருவர் சீமெந்துப் பை மட்டையில் கரிக்கட்டியால் எழுதியதை நீட்டினார். "தம்பி, இதை வடிவா ரைப் அடிச்சுப் பெரிசா எடுத்துத் தாரும்." மட்டையில் இருந்தது: ‘உளவு இயந்திரம் வாடகைக்கு விடப்படும்.’

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஐயா, உளவு எண்டா வேவு பாக்கிறது. வன்னியில இதைத் தொங்கவிட்டா முதல் வாறது வயல்காரனா இராது." அவர் வாடகைக்கு விடுவது வயல் உழுகிற இயந்திரம். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அப்ப எந்த ‘ளா’னா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

இலங்கையின் வடக்கே, வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் விண்ணப்பமும் கடிதமும் அடித்துக் கொடுப்பது என் தொழில். ஒரு நாளைக்கு இருபது முப்பது தாள் கையில் புரளும். பார்த்துப் பார்த்து நான் பிடித்துக்கொண்ட சில வழிகளை வரிசையாகச் சொல்கிறேன். இலக்கணப் புத்தகம் வேண்டாம். ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

படி 1: காதை நம்பாமல் விடுங்கள்

நாங்கள் மழையை ‘மளை’ என்றும் கோழியை ‘கோளி’ என்றும் சொல்லிப் பழகியவர்கள். ழ, ள இரண்டும் எங்கள் வாயில் ஒன்றாகிப் பல காலம். அதனால் ‘சொல்லிப் பார்த்து எழுது’ என்ற அறிவுரை இந்த இடத்தில் உதவாது. ர, ற கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ‘வெற்றி’ என்று இரட்டித்து வந்தால் காது பிடித்துவிடும், தனியாக வந்தால் தடுமாறும்.

கடைசியாக நீங்கள் எழுதிய ஏதாவது ஒன்றை எடுங்கள், வட்ஸ்அப் செய்தி என்றாலும் சரி. அதில் ல ள ழ, ர ற, ந ண ன வரும் சொற்களை மட்டும் கொப்பியில் இறக்குங்கள். உங்கள் பிழைகளில் அரைவாசிக்கு மேல் இந்த எட்டு எழுத்துக்குள்தான் கிடக்கும்.

படி 2: நெடுங்கணக்கை ஒருமுறை பாடுங்கள்

சின்ன வகுப்பில் பாடமாக்கியதை நினைவுபடுத்துங்கள்: க ங, ச ஞ, ட ண, த ந, ப ம... கடைசியில் ற ன. ஒவ்வொரு வல்லினத்துக்கும் பக்கத்திலேயே அதன் சோடி நிற்கிறது. ஒரு சொல்லுக்குள்ளும் அவை சோடியாகவே சேரும். ட-வுக்கு முன்னால் ண், த-வுக்கு முன்னால் ந், ற-வுக்கு முன்னால் ன். அதனால்தான் பழைய வாத்திமார் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். பெயருக்குள்ளேயே விடை இருக்கிறது.

இதைக் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ-9 வீதியில் மாட்டிவிடலாம். முறிகண்டியில் ண்-ட. பரந்தனில் ந்-த, முடிவில் ன். மூன்றுமுறிப்பில் ன்-ற. இந்த மூன்று ஊரையும் எழுதத் தெரிந்தால் ‘பன்டிகை’, ‘வன்டி’ என்று இனி எழுதமாட்டீர்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. நாங்கள் பேசும்போது ஒண்டு, மூண்டு, எண்டு, கண்டுக்குட்டி. எழுதும்போது ஒன்று, மூன்று, என்று, கன்றுக்குட்டி. ஆனால் ‘இரண்டு’, ‘உண்டு’ என்ற சொற்கள் எழுத்திலும் ண்டுதான். ‘எண்டு’ போல வினையிலிருந்து வந்த சொல் என்றால் வேரைப் பாருங்கள். வேர் ‘என்’, ஆகவே என்று. வேர் ‘காண்’, ஆகவே கண்டு. மற்றவற்றை வானொலிச் செய்தி வாசிப்பவர் எப்படிச் சொல்வார் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன்.

படி 3: நேற்று நடந்ததாகச் சொல்லிப் பாருங்கள்

எனக்கு அதிகம் கைகொடுப்பது இதுதான், ஆறுதலாக வாசியுங்கள். ல், ள், ழ் மூன்றும் ஒரே மாதிரிக் கேட்டாலும் இறந்தகாலத்துக்குப் போனதும் சாயம் வெளுத்துவிடும்.

ல் என்றால் ன்ற அல்லது ற்ற ஆகும்: செல் – சென்ற, பயில் – பயின்ற, முயல் – முயன்ற, கல் – கற்ற, வில் – விற்ற.

ள் என்றால் ண்ட அல்லது ட்ட ஆகும்: ஆள் – ஆண்ட, மீள் – மீண்ட, இருள் – இருண்ட, கேள் – கேட்ட.

ழ் மாறாது, அப்படியே நின்று ந்த சேர்க்கும்: வாழ் – வாழ்ந்த, தாழ் – தாழ்ந்த, சூழ் – சூழ்ந்த, மகிழ் – மகிழ்ந்த.

‘வாழ்’ என்பதற்கு எந்த ளானா என்று சந்தேகமா? அது ள் ஆக இருந்தால் ‘நான் அங்கே வாண்டேன்’ என்றல்லவா சொல்லியிருப்போம். யாரும் சொல்வதில்லை, ஆகவே ழ்.

இதே சாவி இன்னொரு பூட்டையும் திறக்கும். என்னிடம் வரும் கடிதங்களில் திருத்தித் திருத்திக் கை அலுத்த சொற்கள் ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘கட்ச்சி’. ற், ட் என்ற வல்லின மெய் இரண்டில் ஒன்று வந்த பிறகு இன்னொரு மெய்க்கு அங்கே இடமில்லை. எங்கள் வன்னியே இதற்குச் சாட்சி: 1803இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் தோற்றதைச் சொல்லும் கல் நட்டிருந்த கற்சிலைமடு. வாயில் கச்சிலைமடு என்போம், பரவாயில்லை. கல்லும் சிலையும் சேர்ந்து கற்சிலை ஆனது போலத்தான் முயலும் ‘சி’யும் சேர்ந்து முயற்சி ஆகிறது. பயில் – பயிற்சி. ஆள் – ஆட்சி. காண் – காட்சி. கற்சிலைமடுவில் யாரும் ‘ச்’ ஒன்றைக் கூடுதலாகச் செருகுவதில்லையே.

ஆனால் வேர் ர், ழ் என்று முடிந்தால் ‘ச்’ வந்தே ஆகவேண்டும்: வளர்ச்சி, தொடர்ச்சி, மகிழ்ச்சி. அவை இடையினம், இடம் விட்டுக் கொடுக்கும்.

இங்கேயே வறட்சியையும் முடித்துவிடுவோம். நிவாரண விண்ணப்பங்களில் பாதி ‘வரட்சி’ என்றே வரும். வேர் வறள். வறண்டது, வறட்சி, வறுமை, வற்றியது எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றிலும் ற. ‘வற்று’ என்பதில் ற் இரட்டித்திருப்பதால் காதுக்கே தெரியும். இன்னும் சந்தேகம் என்றால் வற்றாப்பளை அம்மனை நினையுங்கள். (அந்தப் பெயருக்குப் பத்தாம் பளை என்று வேறு கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும் எழுத்துக்கு அம்மன் துணை.)

படி 4: வயலில் தொங்கவிடுங்கள்

வினைக்கு வேர் இருக்கிறது. குளத்துக்கும் வாழைக்கும் என்ன செய்வது? அவற்றைக் குடும்பமாகக் கட்டிவிடுங்கள்.

உழு என்ற வேரில் ழ இருக்கிறது, ஏனென்றால் உழுதான் என்போமே தவிர உண்டான் என்பதில்லை, உண்டால் அது சாப்பாடு. அந்த உழவோடு மழை, வாழை, கிழங்கு, பழம், கோழி எல்லாவற்றையும் ஒரே வளவுக்குள் விடுங்கள். பாலைப்பழம் தின்ற வாய்க்கு இந்த வளவு மறக்காது.

ள-வுக்குக் குளக்கட்டில் ஏறுங்கள். புளியங்குளம், மாங்குளம், கனகராயன்குளம் என்று பஸ்ஸில் போகும்போதே பெயர்ப்பலகை எல்லாம் ள. குளத்துக்குள் வெள்ளம், தவளை, வாளை மீன். குளத்துத் தண்ணீர் பாய்ந்து வேளாண்மை, களை, விளைச்சல். வாளை குளத்தில், வாழை வளவில். இது விதி கிடையாது, ஞாபகத்துக்கு ஒரு பிடி மட்டும். ஒரு விதியும் இருக்கிறது: ழ தன்னோடு தான் இரட்டிக்காது. ஆகவே பள்ளம், முள்ளு, முள்ளியவளை என்று அழுத்தி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ள்ள போடலாம்.

‘கிழிநொச்சி’ என்று எழுதுபவர்களுக்கு ஒன்றே ஒன்று: அது கிளியும் நொச்சியும். கிளியைக் கிழிக்காதீர்கள். இரணைமடுவை ‘இறணைமடு’ ஆக்குபவர்கள் இரணைப் பிள்ளைகளை நினைக்கட்டும். இரணை, இரட்டை, இரண்டு, மூன்றும் ர.

அரிவி வெட்டும் அறுவடையும் மட்டும் சிலரைக் குழப்பும். ஒன்றில் ர, மற்றதில் ற, இரண்டும் சரி. அரிவாளால் அரிவது அரிவி. அறுப்பது அறுவடை. இரண்டு வேர், ஒரே வேலை.

படி 5: பொருள் மாறும் சோடிகளைக் கதையோடு வையுங்கள்

விசுவமடுவிலிருந்து வந்த ஓர் அக்காவுக்குக் காணிக் கடிதம் அடித்தேன். அவசரத்தில் ‘அறை ஏக்கர்’ என்று போட்டுவிட்டேன். கடிதம் திரும்பி வந்தது, அக்காவும் திரும்பி வந்தார், வெயிலுக்குள். பிழை என்னுடையது, பஸ் காசையும் நானே கொடுத்தேன். அதற்குப் பிறகு மறந்ததில்லை: அரை என்றால் இடுப்பும்தான், உடம்பின் பாதியில் இருப்பது. அரைஞாண்கொடி கட்டுகிற இடம். அறைக்கு நாலு பக்கமும் வன்மையான சுவர், அதனால் வல்லினம். கன்னத்தில் விழுகிற அறையும் மெல்லியதில்லை.

இன்னொன்று, கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் ‘இறங்கல்’. பஸ்ஸில் "இறக்கம்!" என்று கத்துகிறோமே, அது ற, கால் கீழே வைக்கிற இறங்கல். செத்தவீட்டுக்குரியது இரக்கத்திலிருந்து வரும் இரங்கல். பதாகை அடிக்கிற தம்பிமார் இதை ஒட்டி வைத்தால் புண்ணியம்.

பொறு – பொறுமை – பொறுப்பு ற. பொருந்து – பொருத்தம் – பொருள் ர. ‘தாமதத்தைப் பொருத்துக்கொள்ளவும்’ என்றால் எதையோ ஆணி அடித்துப் பூட்டச் சொல்கிறீர்கள்.

படி 6: ஒற்று, சுருக்கமாக

ஒற்று என்றால் அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும்போது நடுவில் வந்து சேரும் மெய். இதைத் தனியாக எழுதவேண்டும். இப்போதைக்கு மூன்று இடம் போதும். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்: அந்தக் காணி. ‘எதை?’ என்பதற்கு விடையாக ஐ என்று முடிந்தால்: கடிதத்தைத் தந்தார். ‘யாருக்கு?’ என்பதற்கு விடையாகக் கு என்று முடிந்தால்: எனக்குக் கிடைக்கவில்லை. முல்லைத்தீவு, வட்டக்கச்சி என்று ஊர்ப்பெயரில் ஒற்றுப் போடத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலை இல்லை.

போனில் ஆங்கில எழுத்தால் அடிப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். அது முதலில் காட்டுகிற சொல் உங்களுடையதாக இராது. கீழே வரிசையில் மற்றதும் நிற்கும், ஒரு நொடி பார்த்துத் தொடுங்கள்.

படி 7: கொப்பியில் ஒரு நாளைக்கு ஒரு சொல்

பிழையை எழுதி வெட்ட வேண்டாம், கண் பிழையைத்தான் படம் பிடிக்கும். சரியான சொல்லை மட்டும், பக்கத்தில் அதன் பிடியோடு எழுதுங்கள். என் கொப்பியில் கடைசியாக ஏறியது ‘சுவரில்’. கிணறு – கிணற்றில், சேறு – சேற்றில், ஆறு – ஆற்றில். று என்று முடிந்தால்தான் ற்று வரும். சுவர் ர் என்று முடிகிறது, தேரில், மோரில் போலச் சுவரில். ‘சுவற்றில்’ என்று ஒரு சொல்லே இல்லை.

என் கடைக்கு வருபவர்கள் வாசலில் சிவப்புப் பெயின்ரில் ‘சுவற்றில் விளம்பரம் ஒட்டாதீர்’ என்று பார்த்திருப்பீர்கள். ஆறு வருசத்துக்கு முன் எழுதினேன். பெயின்ற் நல்ல சாமான், இன்னும் மங்கவில்லை.