கடற்கரை ஊரிலிருந்து எம்.பி.எச். விண்ணப்பம்: முதல் முறை போடுகிறவர்களுக்கு

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் நர்சிங்கோ சித்தாவோ சமூகப்பணியோ முடித்த பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "பொது சுகாதாரத்தில் முதுகலை (எம்.பி.எச்.) படிக்க எங்கே போடலாம்?" என்பதுதான். எங்கே என்பதற்கு முன்னால் எதற்கு என்று உங்களுக்கே தெளிவாக வேண்டும். நான் நர்சிங் முடித்து முதல் வருடம் நான்கு இடங்களுக்குப் போட்டேன், நான்கிலும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கிடைத்தது. இடையில் மதிப்பெண் மாறவில்லை, ஏன் படிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்பும் கட்டுரைதான் மாறியது. அதனால் இந்தப் பதிவில் கட்டுரைக்குத்தான் அதிக இடம்.

முதல் படி: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

மருத்துவமனையில் ஒருவருடைய நோயைப் பார்க்கிறோம். பொது சுகாதாரத்தில் அதே நோய் ஏன் ஒரு தெருவுக்கே வருகிறது என்று பார்க்கிறோம். 1854இல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, நோய் பிராட் தெரு அடிபம்புத் தண்ணீரிலிருந்து வருகிறது என்று காட்டினார். பாடம் எல்லாம் அங்கேதான் தொடங்கும், ஆனால் நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ராமேஸ்வரம் தீவில் மலேரியா விடாமல் இருந்த காலத்தில், தென்னை, சவுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் மொள்ள மணலில் தோண்டிய குழிகளில் கொசு வளர்வதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை இன்றும் மனநலக் கொள்கை படிக்கிற இடங்களில் பேசுகிறார்கள்.

இவ்வளவு பெரிய விஷயம் உங்களுக்குத் தேவையில்லை. குடத்தோடு ஊற்றுக்கு நடக்கிறவர்களின் இடுப்பு வலி, உப்புத் தண்ணீர், இரவெல்லாம் கடலில் இருப்பவர் சர்க்கரை மாத்திரையை எப்போது போடுகிறார் என்பது, இதில் எது உங்களை உறுத்துகிறதோ அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதும், இதை எண்ண முடியுமா, யாரிடம் கேட்டால் தெரியும் என்று அதற்குக் கீழேயே இன்னொரு வரி எழுதுங்கள்.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் எம்.பி.எச். நடத்துகிறது. சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், சண்டிகர் பி.ஜி.ஐ. எல்லாம் போட்டி அதிகமான இடங்கள். தகுதி இடத்துக்கு இடம் மாறும்: சில இடங்களில் மருத்துவம் சார்ந்த பட்டம் வேண்டும், சில இடங்களில் எந்த இளங்கலையும் போதும், கலை அறிவியல் பட்டம் என்றால் முதுகலை கேட்கிற இடமும் உண்டு. அந்த வருட அறிவிப்பை முழுதாக வாசிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

அமெரிக்கா என்றால் பெரும்பாலான பள்ளிகளுக்கு சோபாஸ் (SOPHAS) என்ற ஒரே தளத்தில் விண்ணப்பிக்கலாம். பொது சுகாதாரப் பள்ளிகளைச் சோதித்து ஏற்கும் சீப் (CEPH) என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருட பி.எஸ்ஸி.யை ஏற்கத் தயங்கும் பள்ளிகள் அங்கே உண்டு, நான்கு வருட நர்சிங் படிப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. இங்கிலாந்தில் பெரும்பாலும் ஒரே வருடம்தான், 1899இல் தொடங்கிய லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் அங்கே பெரிய பெயர்.

பள்ளியை விடத் துறை முக்கியம். தொற்றுநோயியல் (நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று பார்ப்பது), உயிர்ப்புள்ளியியல் (உடல்நல எண்களின் கணக்கு), சுற்றுச்சூழல் நலம், சுகாதாரக் கொள்கை என்று தனித்தனியாக இருக்கும். உங்கள் நோட்டில் இருக்கும் கேள்வி எந்தத் துறையுடையது என்று பாருங்கள், உப்புத் தண்ணீரைப் பற்றி எழுதிவிட்டுக் கொள்கைத் துறைக்குப் போட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

மூன்றாம் படி: கட்டுரை

என் முதல் கட்டுரை இப்படித் தொடங்கியது: "அப்துல் கலாம் ஐயா பிறந்த மண்ணில் பிறந்த எனக்குச் சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற ஆசை." அவர் மேல் நமக்கு இருக்கும் அன்பு உண்மையானது. ஆனால் அதை வாசிக்கிறவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் காட்டும் கட்டுரைகளில் பலவும் இன்றைக்கும் இப்படியே தொடங்குகின்றன.

இரண்டாவது வருடம் நான் எழுதியது இது. "கடலில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகும் எங்கள் தெரு அக்கா கரையேறியதும் முதலில் விரல்களில் சுற்றிய துணியை அவிழ்ப்பார். பாறை கிழித்த இடம் வெள்ளையாக ஊறிப்போயிருக்கும், துணி அதோடு ஒட்டியிருக்கும், பிய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். நான் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த எட்டு மாதத்தில் அந்த விரல்கள் ஒருமுறைகூடப் பதிவேட்டில் ஏறவில்லை. நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அவர் கடலில் இருந்தார்."

இதில் கண்ணால் பார்த்த ஒன்று இருக்கிறது, அது கணக்கில் வராமல் போன இடம் இருக்கிறது, ஏன் வரவில்லை என்ற காரணமும் இருக்கிறது. அடுத்த பத்தியில் என் கேள்வியை வைத்தேன்: 2021இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, ஆனால் பாசிக்குப் போகிறவர் வீட்டில் இருக்கும் நேரம் அமாவாசை, பௌர்ணமியைப் பொறுத்து மாறுகிறது, அந்த நாட்காட்டியைச் சுகாதார நிலையம் பின்பற்றினால் என்ன மாறும்? அதற்கு அப்புறம் இதைக் கண்டுபிடிக்க எனக்கு எந்தத் திறமை இல்லை, அதை இந்தப் படிப்பின் எந்தப் பாடம் தரும் என்று பாடப்பிரிவின் பெயரோடு எழுதினேன். முடிவில், படித்து வந்து எங்கே, யாரோடு வேலை செய்வேன் என்பது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த அக்காக்களின் கஷ்டத்தை அழவைப்பதற்காக எழுதாதீர்கள். அவர்கள் மூச்சடக்கி முங்கிப் பிழைக்கிற திறமைசாலிகள், அந்த மரியாதை எழுத்தில் தெரிய வேண்டும். பெயர் போடக் கூடாது, எழுதப்போவதாக அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் படி: கணக்கு தெரியும் என்று காட்டுங்கள்

வெறும் எண்ணிக்கை செல்லாது, எத்தனை பேரில் என்பதும் வேண்டும். "பத்துப் பேருக்குக் கண் எரிச்சல்" என்றால் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு பேரிடம் கேட்டுப் பத்தா, முந்நூறு பேரிடம் கேட்டுப் பத்தா? எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் நேர்காணலில் இதைத்தான் வேறு வேறு வேடத்தில் கேட்பார்கள். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டெல். (NPTEL) என்ற இணையப் பாடத் தளம் வழியாக நடத்தும் ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ் பாடத்தை இலவசமாகக் கேட்கலாம். அப்புறம் தேசிய குடும்ப நல ஆய்வு ஐந்தாம் சுற்றின் ராமநாதபுரம் மாவட்டத் தாளை இறக்கி, அதில் நான்கு வரிகளைத் தமிழ்நாட்டு அளவோடு ஒப்பிட்டு உங்கள் வார்த்தையில் எழுதிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஐந்தாம் படி: பரிந்துரைக் கடிதங்கள்

அமெரிக்காவுக்கு வழக்கமாக மூன்று, இங்கிலாந்துக்கு இரண்டு. பெரிய பதவியில் இருப்பவரை விட உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் நல்லது, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எழுதும் நான்கு உண்மையான வரிகளுக்கு எடை அதிகம். நான் படித்த இடத்தில் ஒருவர் "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார், நானும் எழுதினேன், அதுவும் என் கட்டுரையும் ஒரே குரலில் இருந்தன. அப்படிச் செய்யாதீர்கள். கடைசி நாளுக்கு ஆறு வாரம் முன்பே கேளுங்கள், நீங்கள் சேர்ந்து செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள், முடிந்தால் அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: காகிதங்கள், முக்கியமாக இனிஷியல்

நம் மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அது அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் ஆங்கிலத் தேர்வுகளுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள். விண்ணப்பத்திலும் அதே எழுத்துக்கூட்டு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வையுங்கள். பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கவும், அதை வெஸ் போன்ற நிறுவனம் மதிப்பிடவும் மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் ஜூனிலேயே மனு கொடுங்கள்.

ஏழாம் படி: பணம்

இடம் கிடைப்பது வேறு, உதவித்தொகை வேறு, இரண்டுக்கும் தனித்தனி நாட்காட்டி. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்குத் திறக்கும் நாளும் மூடும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் படிக்கக் கொடுக்கும் ஃபுல்பிரைட் நேரு முதுகலை உதவித்தொகைக்குப் பொது சுகாதாரமும் ஒரு துறை, மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்குங்கள்.

கடைசிப் படி: அனுப்புவது

அமெரிக்கக் கடைசி நாள்கள் பலவும் டிசம்பரில் வரும், நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் சின்னம் என்று பாம்பனில் கூண்டு ஏற்றினால் மின்சாரமும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கிழக்கு அமெரிக்க நேரம் இரவு 11.59 என்றால் டிசம்பரில் நமக்கு மறுநாள் காலை 10.29. அந்தக் காலையை நம்ப வேண்டாம், ஒரு வாரம் முன்னதாக அனுப்பிவிட்டு, ஒப்புகை மின்னஞ்சல் வந்ததா, கடிதம் எழுதுகிற மூவரும் பதிவேற்றிவிட்டார்களா என்று தளத்தில் நுழைந்து பாருங்கள். வராத கடிதம் இருந்தால் அன்றைக்கே அவருக்குப் போன் செய்யுங்கள்.