வேறு சபைக்காரருக்காக ஜெபிக்கப் போகும்போது

பாளையங்கோட்டையில் ஒரே தெருவில் மூன்று சபைக்காரர்கள் இருப்பது அதிசயமே இல்லை. நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), எதிர்வீட்டு மதினி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), பின்தெருத் தங்கச்சி பெந்தெகொஸ்தே. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் மூன்று பேரும் சேர்ந்தே போவோம். "உங்களுக்குள்ள எப்படி ஒத்துப்போகுது?" என்று நிறையப் பேர் கேட்டாயிற்று. எங்கள் முறையை எழுதுகிறேன், உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரலாமா என்று கேளுங்கள். யாக்கோபு 5:14ஐ எடுத்துப் பாருங்கள். "உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக" என்றுதான் இருக்கிறது. கூப்பிடுகிறவர் வியாதிக்காரர். நாம் பாட்டுக்குப் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்க அந்த வசனத்தில் வழியில்லை. போனில் கேட்கும்போதே "எதுக்காக ஜெபிக்கணும்?" என்றும் கேட்டுவிடுங்கள். நாம் நினைப்பது ஒன்றாக இருக்கும், அவர்கள் மனதில் கிடப்பது வேறாக இருக்கும். கால் முறிந்து கிடந்த ஒரு அம்மா காலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை பயமாக இருக்கிறது, அதுக்கு ஜெபியுங்கள் என்றார்.

எத்தனை பேர் போகலாம்? மாற்கு சுவிசேஷத்தில் நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இயேசுவிடம் சுமந்து வந்தவர்கள் நாலு பேர். எங்கள் கணக்கும் அதுதான். அதற்கு மேல் போனால் வீட்டுக்காரர் நாற்காலி தேட ஆரம்பித்துவிடுவார், காபி போட ஒரு ஆள் அடுப்படிக்கு ஓடும்.

உள்ளே நுழையும் முன்பே யார் என்ன செய்வது என்று பேசி முடித்துவிட வேண்டும். இதை விட்டால் குழப்பம்தான், ஏனென்றால் பழக்கம் ஒவ்வொருவருக்கும் வேறு. தங்கச்சியின் சபையில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள். மதினிக்கு ஜெபமாலையும் மனப்பாடச் செபங்களும்தான் கைவந்தவை, திடீரென்று சொந்த வார்த்தையில் ஜெபிக்கச் சொன்னால் திணறுவார். நாங்களோ ஜெபப்புத்தகத்தோடு வளர்ந்தவர்கள்.

அதனால் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் சங்கீதம் 23ஐ நிதானமாக வாசிப்பார். மதினிக்கு அது திருப்பாடல் 23. பெரும்பாலும் பாதிக்கு மேல் படுத்திருப்பவரும் கூடவே உதடு அசைப்பார், அப்போது வாசிப்பவர் வேகத்தைக் குறைத்து அவரோடு போக வேண்டும். அப்புறம் கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் ஆளுக்கு ரெண்டு மூன்று வாக்கியம். அவர் பெயர், அவர் கேட்ட காரியம், கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரின் பெயர், இந்த மூன்றும் வந்தால் போதும். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். வாரக்கணக்காக ஆஸ்பத்திரிப் பெஞ்சில் தூங்கும் மகளின் பெயரை ஜெபத்தில் சொல்லிப் பாருங்கள், அந்தப் பெண்ணின் முகம் மாறும்.

கடைசியில் கர்த்தருடைய ஜெபம். நாங்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குவோம், மதினி "விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே" என்பார். ரெண்டையும் சேர்த்துச் சொன்னால் அடுத்த வரியிலேயே இடறும். இரு தரப்பாரும் சேர்ந்து உழைத்த பொது வேதாகம மொழிபெயர்ப்பு 1995இலேயே வந்துவிட்டாலும், நாக்கு பழைய பாடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. படுத்திருப்பவர் எப்படிச் சொல்லிப் பழகியவரோ, அப்படியே சொல்லுங்கள். மற்றவர்கள் பின்னாலேயே போகட்டும்.

எண்ணெய் கொண்டுபோகாதீர்கள். கத்தோலிக்கருக்கு நோயில்பூசுதல், அதாவது வியாதிக்காரருக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது, ஒரு அருட்சாதனம் (புனிதச் சடங்கு), அதைக் குருவானவர்தான் செய்ய வேண்டும். மற்ற சபைகளிலும் அதை ஐயரோ (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பாஸ்டரோ வந்து செய்வதே சரி. ஆர்.சி. வீட்டுக்குப் போனால் வேளாங்கண்ணி மாதா படத்தை முறைத்துப் பார்க்க வேண்டாம். மதினி தன் வீட்டில் "அருள் நிறைந்த மரியே" சொல்லும்போது நானும் தங்கச்சியும் சும்மா தலைகுனிந்து நிற்போம். சேர்ந்து சொல்ல யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தியதில்லை.

சுகமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்துங்கள் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். "ஏதாவது பாவம் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்று ஒரு பெரியவர் டயாலிசிஸ் முடிந்து வந்தவரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பவுல் அப்போஸ்தலன் தன் முள்ளுக்காக (தன்னை வாட்டிய ஒரு வேதனையை அப்படிச் சொன்னார்) மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அவருக்கே அப்படி என்றால் நாம் யார் கணக்குக் கேட்க?

ஆஸ்பத்திரி பொது வார்டு என்றால் குரல் பக்கத்துக் கட்டிலுக்குப் போகக் கூடாது. அங்கே இருப்பவர்கள் எந்த மதமோ, என்ன வேதனையோ. சில சமயம் அவர்களே "எங்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கம்மா" என்பார்கள். அப்போது தாராளமாகச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது "ஜெபிச்சுக்கறோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராமல், எப்போது என்று சொல்லுங்கள். எனக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தபோது, ஏழு மணித் திருப்பலியில் (கத்தோலிக்க ஆராதனை) என் பெயருக்குக் கருத்து, அதாவது ஜெப விண்ணப்பம், கொடுத்திருப்பதாக மதினி முந்தின நாளே சொல்லியிருந்தார். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகையில் எனக்கு ஒரு வசனமும் ஞாபகம் வரவில்லை. நடைக்கூடச் சுவரில் மணி ஏழேகால். இந்நேரம் என் பெயரை வாசித்திருப்பார்கள் என்று நினைத்தேன், நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. என்னால் முடியாத நேரத்தில் வேறு சபைக்காரர்கள் என் இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம்முடைய ஆலயத்தில் எனக்காக ஜெபித்தது ஆறுதல்தான். ஆனால் ஒரு கடமையும் இல்லாத இடத்திலும் என் பெயர் சொல்லப்பட்டதே, அதன் ருசி வேறு.

வாட்ஸ்அப் விஷயத்தில் ஒரே விதி: வியாதியின் பெயரைப் போடாதீர்கள். ஜெபக் குறிப்பு வம்பாக மாற ஒரு ஃபார்வர்டு போதும். சுகமானதும் ஜெபித்தவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஒருவர் சொல்லாமல் விட்டதால், ஆள் வேலைக்குப் போய்க் கறிக்கடையில் நிற்கிற அன்று காலையிலும் மதினி அவருக்காக ஜெபமாலை உருட்டியிருக்கிறார்.

தெரு அளவில் பழகிவிட்டால் கொஞ்சம் பெரிதாகவும் செய்யலாம். கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம் 1908இல் தொடங்கியது, ஜனவரி 18 முதல் 25 வரை. மார்ச் முதல் வெள்ளி பெண்களின் உலக ஜெப நாள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயரும் மற்றவர்களும் 1919இல் தரங்கம்பாடியில் கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27இல், அதற்குள் அவர் காலமாகிவிட்டார். மேல்மட்டத்து இணைப்பு அந்த வேகத்தில்தான் நடக்கும், அதுவரை பக்கத்துவீட்டு வியாதிக்காரர் காத்திருக்க முடியாது.

கூட்டத்தை ஆலயத்தில் வைத்தால் யார் ஆலயம் என்ற பேச்சு வரும். வீட்டு மாடியோ பள்ளிக்கூட அறையோ போதும். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் ஆர்.சி.க்காரர்களின் அன்பியத்தையும் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழு) ஒரே நாளில் போய்க் கூப்பிடுங்கள், ஒன்றுக்கு முந்திச் சொல்லிவிட்டால் இன்னொன்று முகம் சுளிக்கும். பிரசங்கம் வேண்டாம், ஜெபிக்க வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலே ஒரு மணி நேரம் ஓடும். காணிக்கை எடுக்கவே எடுக்காதீர்கள், எந்தச் சபைக் கணக்கில் சேர்த்தீர்கள் என்று மறுநாளே கேள்வி வரும்.