கை நிறைந்த மாதத்தில் செய்யும் தவறுகள்

சேலத்தில் மாதச் சம்பளம் இல்லாமல் வாழும் குடும்பங்கள் ஏராளம். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளிடம் வெள்ளியை வாங்கி வந்து கூலிக்குக் கொலுசு செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்கள், ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி பயிரிட்டு ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றி அனுப்புபவர்கள், ஏற்காட்டில் காபி அறுவடையை நம்பியிருக்கும் சிறு தோட்டக்காரர்கள் என அனைவருக்கும் பணம் சில மாதங்களில் சேர்ந்து வரும், பிறகு வறண்டுவிடும். வந்த பணத்தை வந்த மாதத்துக்குரிய பணமாகவே எண்ணிவிடுவதுதான் இக்குடும்பங்கள் பலவற்றின் முதல் தவறு. கொலுசுப் பட்டறை நடந்த வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் இதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எங்கள் வீட்டில் நள்ளிரவு வரை பற்றவைக்கும் வேலை நடக்கும். கூலியும் தடையின்றி வரும். ஆடி பிறந்தால் திருமணங்கள் இல்லாததால் வேலை மந்தமாகும். ஆனால் கோட்டை மாரியம்மன் திருவிழா வருவதும் அதே ஆடியில்தான். உறவினர்கள் வருவார்கள், துணி எடுக்க வேண்டும், விருந்து வைக்க வேண்டும். ஓராண்டுக்கு முன்பே நாள் தெரிந்த செலவுக்கு, ஆண்டுதோறும் அந்த வாரத்தில்தான் கடன் தேடினோம். அப்பாவின் சட்டைப் பையில் நான்காக மடித்த மஞ்சள் அட்டை ஒன்று இருக்கும். தினமும் மாலையில் தண்டல், அதாவது நாள்தோறும் தவணை கட்டும் கடன், வசூலிக்க வருபவர் பணத்தை எண்ணிக்கொண்டு அதில் ஒரு கட்டத்தில் நீல மையால் கீறிவிட்டுப் போவார். கீறல் விழாத கட்டம் இருந்தால் அன்று வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம்.

தண்டலின் கணக்கைப் பார்க்காமல் வாங்குவது இரண்டாவது தவறு. 10,000 ரூபாய்க் கடன் என்பார்கள். 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக நம் கையில் இருக்கும் கடன் ஏறக்குறைய அதில் பாதிதான். அதன்படி கணக்கிட்டால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்பதும் ஆண்டுக்கு 36 சதவீதம் என்பதைப் பலர் சொல்லிப் பார்ப்பதே இல்லை. கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதலே இருக்கிறது. என்றாலும் அவசரத்தில் இருப்பவர் சட்டத்தைத் தேடிப் போவதில்லை, அட்டையைத்தான் வாங்கிக்கொள்கிறார்.

இதைத் தவிர்க்க, ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து, குடும்பத்துக்கு நாமே ஒரு சம்பளம் நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். எட்டு மாதம் 32,000 ரூபாயும் நான்கு மாதம் 12,000 ரூபாயும் வருகிறது என்றால் ஆண்டுக்கு 3,04,000 ரூபாய். மாதச் சராசரி 25,333 ரூபாய். வீட்டுச் செலவை 25,000 ரூபாயில் நிறுத்தினால், நல்ல மாதங்களில் 7,000 ரூபாய் வீதம் 56,000 ரூபாய் சேரும். மந்தமான நான்கு மாதங்களின் பற்றாக்குறையோ 52,000 ரூபாய்தான். இந்தப் பணம் வீட்டுச் செலவுக்கான கணக்கில் இருக்கக் கூடாது, தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கண்ணுக்கு முன் இருக்கும் பணம் செலவாகியே தீரும் என்பதை எங்கள் வீட்டு அரிசிப் பானை பலமுறை காட்டியிருக்கிறது. காபித் தோட்டக்காரருக்கும் இதே முறை பொருந்தும். அறுவடைப் பணம் முழுவதும் கோடைக்குள் கரைந்தால், மழைக்காலத்தில் உரம் வாங்கக் கடன்தான் வாங்க வேண்டியிருக்கும்.

சேமிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறுகள் நேர்கின்றன. தெரிந்தவர் நடத்துகிறார் என்பதற்காகப் பதிவு செய்யாத சீட்டில் சேர்கிறோம். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதால் உறவு முறிந்துவிடாது. பதிவான சீட்டாகவே இருந்தாலும், தொடக்க மாதங்களிலேயே ஏலத்தில் பெருந்தொகையை விட்டுக்கொடுத்துச் சீட்டுப் பணத்தை எடுத்துச் செலவழிப்பது கடன் வாங்குவதற்குச் சமம். வங்கியில் போடும் பணத்துக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு 2020 முதல் உண்டு. சீட்டுக்கோ கைமாற்றுக்கோ அத்தகைய காப்பு இல்லை.

நகையை மட்டுமே சேமிப்பாகக் கருதுவதையும் சொல்ல வேண்டும். வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் கொடுக்கிறோம், விற்கும்போது அவை திரும்பி வருவதில்லை. கொலுசு செய்தவர்கள் வீட்டிலேயே இதை மறந்துவிடுகிறார்கள். அடகு வைத்த நகைக்கு வட்டியை மட்டும் கட்டி மீண்டும் மீண்டும் புதுப்பித்துக்கொண்டே போவது இன்னும் மோசம்.

வங்கிக் கணக்கைக் காலியாகத் துடைத்து வைப்பதால் வரும் இழப்பு ஒன்று உண்டு. வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் கிடைக்கின்றன. இரண்டின் காலமும் ஜூன் 1இல் தொடங்கி மே 31இல் முடிகிறது. புதுப்பிக்கும் நேரத்தில் கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பு விட்டுப்போகலாம். ஆகவே மே மாதக் கடைசியில் 456 ரூபாயாவது கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.