இருபது பேரோடு லான் பார்ட்டி: கொழும்பு வீட்டில் வைப்பதென்றால் எங்கே தொடங்குவது

லான் பார்ட்டி, அதாவது எல்லாரும் கணினியைக் கொண்டுவந்து ஒரே நெட்வேர்க்கில் இணைத்துச் சேர்ந்து கேம் விளையாடும் கூட்டம், வைக்கப்போகிறோம் என்று வாய் திறந்தாலே எல்லாரும் கேட்பது "என்ன கேம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் போய்ப் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியை. நாலைந்து பேர் லேப்டொப்போடு வந்து விளையாட ஒரு திட்டமும் தேவையில்லை, ஆனால் பதினைந்து இருபது டெஸ்க்டொப் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டால் அது கரண்ட் அலுவல், வயர் அலுவல், அதற்குப் பிறகுதான் கேம். கரண்ட் நின்றுபோகாமல் இருந்தால் எந்தக் கேம் என்றாலும் பெடியள் விளையாடிக்கொள்வார்கள்.

கீழே எல்லாக் கணக்கும் 20 பேருக்கு. உங்களுக்கு 12 பேர் என்றால் குறைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கரண்ட்

நல்ல கிராபிக்ஸ் கார்ட் போட்ட கேமிங் கணினி, மொனிட்டரையும் சேர்த்து, விளையாடும்போது ஏறக்குறைய 400 முதல் 500 வாட்ஸ் இழுக்கும். பவர் சப்ளையில் 750 வாட்ஸ் என்று எழுதியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது கொடுக்கக்கூடிய அளவு, எப்போதும் இழுக்கும் அளவு இல்லை. சராசரி 450 என்று வைத்தால் 20 கணினிக்கு 9,000 வாட்ஸ். நம் நாட்டு 230 வோல்ட்டால் வகுத்தால் 39 அம்பியர். சாதாரண வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ் (கரண்ட் ஒரே வழியாக வரும்) 30 அம்பியர் இணைப்பு, அதாவது எல்லாம் சேர்த்து 6,900 வாட்ஸ். அதற்குள்தான் ஏசி, பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர் எல்லாம் ஓட வேண்டும். ஆகவே சிங்கிள் பேஸ் வீட்டில் 20 டெஸ்க்டொப் நடக்காது. ஏசியும் ஓட வேண்டும் என்றால் எட்டு ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

த்ரீ பேஸ் (கரண்ட் மூன்று தனி வழியாக வரும்) 30 அம்பியர் வீடு என்றால் கதை வேறு. ஒரு பேஸுக்கு ஏழு கணினி என்று பிரித்தால் பேஸுக்கு 14 அம்பியர்தான் போகும், தாராளம். ஆனால் பிரித்தால்தான் தாராளம்! ஹோலில் இருக்கும் எல்லாப் பிளக் பொயின்டும் ஒரே பேஸில், ஒரே பிரேக்கரில் (லோட் கூடினால் தானாக விழும் சுவிட்ச்சில்) இருந்தால் த்ரீ பேஸ் என்ற பெயரால் ஒரு பிரயோசனமும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு மேசை விளக்கு போதும்: ஒரு பொயின்டில் விளக்கைச் செருகி எரியவிட்டு, பெட்டியில் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள், எதை இறக்கும்போது விளக்கு அணைகிறதோ அந்த எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தப் பொயின்டுக்கு மேலேயே ஒட்டிவிடுங்கள். அறை அறையாகச் செய்தால் அரை நாளில் வீட்டின் முழுப் படமும் கைக்கு வந்துவிடும். எந்தப் பிரேக்கர் எந்தப் பேஸில் என்பதை மட்டும் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், பெட்டியின் மூடியைக் கழற்றி நீங்களே பார்க்கப் போகாதீர்கள்.

சதுரப் பின் உள்ள 13 அம்பியர் பொயின்ட் ஒன்றில் கணக்குப்படி 2,990 வாட்ஸ் எடுக்கலாம், ஆறு கணினி. நான் நாலுக்கு மேல் விடமாட்டேன், ஏனென்றால் மலிவான எக்ஸ்டென்ஷன் கோட்டுக்குள் இருக்கும் வயர் எவ்வளவு மெல்லியது என்பது வெளியில் தெரியாது. பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் உருண்டைப் பின் 5 அம்பியர் பொயின்ட் என்றால் இரண்டு கணினி, அவ்வளவுதான். மல்டி பிளக்கில் இன்னொரு மல்டி பிளக் செருகுவது கூடவே கூடாது. சுருளாக வரும் கோட் என்றால் முழுக்க விரித்துவிட்டுப் பாவியுங்கள், சுருட்டியபடியே லோட் போட்டால் உள்ளே சூடு ஏறி உருகும்.

இனி, முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாத விஷயம். எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும், பதினைந்தாவது கணினியைப் போட்டதும் முழு வீடும் பட்டென்று அணையும். "ஓவர் லோட்" என்பார்கள். பெரும்பாலும் அது ஓவர் லோட் இல்லை, ட்ரிப் சுவிட்ச் என்று நாம் சொல்லும் ஆர்சிசிபி விழுந்திருக்கும். போகும் கரண்டுக்கும் திரும்பி வரும் கரண்டுக்கும் வித்தியாசம் வந்தால், அதாவது எங்கோ எர்த்துக்குக் கசிந்தால், அது விழும், வீடுகளில் வழக்கமாக 30 மில்லி அம்பியரில். கணினிப் பவர் சப்ளை ஒவ்வொன்றிலும் இரைச்சலை வடிகட்டும் சின்ன ஃபில்டர் ஒன்று இருக்கிறது, அது பழுதில்லாமலே ஒரு மில்லி அம்பியர் அளவில் எர்த்துக்குக் கசிய விடும். ஒன்றிரண்டு கணினி என்றால் யாருக்கும் தெரியாது. இருபதும் ஒரே ஆர்சிசிபிக்குக் கீழே என்றால் கூட்டிப் பாருங்கள், அதிலும் 30 என்று எழுதிய சுவிட்ச் 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம்.

இந்த நேரத்தில் கட்டாயம் ஒருவர் எழும்பி "எர்த் பின்னை எடுத்துவிட்டுச் செருகு மச்சான், விழாது" என்று சொல்வார். உண்மைதான், விழாது. ஆனால் கசியும் கரண்ட் போக வழியில்லாமல் கணினிக் கேஸிலேயே நிற்கும், தொட்டால் சுர்ரென்று இழுக்கும். நிஜமாகவே ஒரு பழுது வந்தால் யாராவது தொடும் வரைக்கும் ட்ரிப் சுவிட்ச்சும் விழாது. வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்திருக்கும் வீடு இது. அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, கணினிகளை வேறு வேறு ஆர்சிசிபிக்குப் பிரியுங்கள். வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் பத்துப் பன்னிரண்டு டெஸ்க்டொப்போடு நிறுத்துங்கள், அல்லது மண்டபம் பாருங்கள். கலியாண மண்டபங்களில் த்ரீ பேஸும் ஜெனரேட்டரும் இருக்கும், ஆனால் பொயின்ட்கள் சுவரோரமாக மட்டுமே இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.

கேத்தல் ஒன்று 2,000 வாட்ஸ் இழுக்கும். நள்ளிரவில் யாராவது பிளேன்டீ போடப் போய் ஒரு முழு மேசையையும் அணைத்துவிடுவார்கள், ஆகவே குசினிப் பொயின்டில் கணினி வேண்டாம், ஹோலில் கேத்தல் வேண்டாம். கரண்ட் போய் வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் பவர் பட்டனை அமத்துவதும் ஆகாது, மேசை மேசையாக ஏற்றுங்கள்.

நாடு முழுக்க இருண்டால் எதுவும் செய்ய முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்துதான் இலங்கை முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சரே சொன்னார், குரங்குக்கு எதிராகத் திட்டம் போட முடியுமா? சின்ன யுபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) ஒன்று இருந்தால் ரவுட்டருக்கும் நெட்வேர்க் சுவிட்ச்சுக்கும் (எல்லாக் கணினியையும் கேபிளால் ஒன்றாக இணைக்கும் பெட்டிக்கும்) மட்டும் கொடுங்கள், கணினிக்கு அல்ல.

படி 2: சூடு, மேசை

கணினி இழுக்கும் கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வரும். 9,000 வாட்ஸ் என்றால் மணிக்கு ஏறக்குறைய 30,700 பிடியு (ஏசியின் அளவைச் சொல்லும் அலகு). ஆளுக்கு 100 வாட்ஸ் என்று மனிதச் சூடும் சேரும். 12,000 பிடியு ஏசி நாலு போட்டால்தான் ஈடு கொடுக்கும், ஏப்ரல் மாதக் கொழும்பில் அதுவும் திணறும். ஒரே அறையில் அடைக்காமல் ஹோல், பக்கத்து அறை, விறாந்தை என்று பிரித்தால் கரண்டும் பிரியும், சூடும் பிரியும். விறாந்தை என்றால் சாரல் அடிக்காத பக்கமாகப் பாருங்கள்.

வாடகை மேசை பெரும்பாலும் 6 அடி நீளம். ஒன்றுக்கு இரண்டு பேர். மூன்று பேரை நெருக்கினால் மௌஸ் அசைக்க இடமிருக்காது. பிளாஸ்டிக் கதிரையில் ஆறு மணி நேரம் இருந்தால் முதுகு முறியும், தலையணை கொண்டுவரச் சொல்லுங்கள்.

படி 3: நெட்வேர்க்

வைஃபையில் 20 பேர் விளையாடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 24 போர்ட் கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ் வேக) நெட்வேர்க் சுவிட்ச் ஒன்று வேண்டும், ஒரு நாளைக்கு யாரிடமாவது இரவல் கிடைத்தால் நல்லது. கேபிள் கேட் 5ஈ ரகமே போதும், கேட் 6க்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை, 100 மீற்றர் வரைக்கும் இரண்டும் கிகாபிட் ஓடும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போனால் இரண்டு முனையிலும் பிளக் அடித்த கேபிளாகவே வாங்கலாம், அறையை நூலால் அளந்துகொண்டு போங்கள், கண் மதிப்புக்கு வாங்கினால் கட்டாயம் ஒரு மீற்றர் குறையும்.

பெரிய சுவிட்ச் இல்லையென்றால் மேசைக்கு ஒரு 8 போர்ட் சுவிட்ச், அங்கிருந்து நடுச் சுவிட்ச்சுக்கு ஒரே ஒரு கேபிள். ஒன்றே ஒன்று! இரண்டு கேபிள் கொடுத்தால் வேகம் கூடும் என்று நினைத்து யாராவது இரண்டாவதைச் செருகினால் தரவு சுற்றிச் சுற்றி ஓடி முழு நெட்வேர்க்கும் செத்துவிடும். மாலை முழுக்கத் தேடவைக்கும் இன்னொரு வில்லங்கம், யாரோ நல்லெண்ணத்தில் கொண்டுவந்து செருகும் இரண்டாவது ரவுட்டர். இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு ஐபி (நெட்வேர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உரிய முகவரி) கொடுக்கும், பாதிப் பேருக்கு மற்றப் பாதியைத் தெரியாது. இரண்டாவதில் டிஹெச்சிபியை, அதாவது தானாக ஐபி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள், அல்லது அதைப் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

ஒருவருக்கு மட்டும் சேர்வர் (ஆட்டத்தை நடத்தும் கணினி) தெரியவில்லை என்றால் முதலில் விண்டோஸில் அந்த நெட்வேர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

படி 4: கேமும் ஃபைலும்

இப்போது வாருங்கள் கேமுக்கு. எல்லாக் கேமும் லானில் ஓடாது. வலொரன்ட் முழுக்க முழுக்கக் கம்பனி சேர்வரில் ஓடுவது, நீங்கள் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தாலும் ஆட்டம் மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ போய்த்தான் வரும். பத்துப் பேர் ஒரே இணைப்பில் அதை விளையாடலாம், கேம் ஆட்டத்துக்கு அதிகம் டேட்டா போகாது, ஆனால் ஒருவர் டவுன்லோட் ஒன்றைத் தொடங்கினால் பத்துப் பேருக்கும் லாக் அடிக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2க்குச் சொந்தமாக லான் சேர்வர் போடலாம். டோட்டா 2இல் லொபி திறக்கும்போது சேர்வராக 'லோக்கல் ஹோஸ்ட்' என்று தெரிவு இருக்கிறது. மைன்கிராஃப்டில் 'ஓபன் டு லான்'. பழைய லேப்டொப்காரர்களையும் சேர்க்க வேண்டுமென்றால் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6ஐ அடிக்க ஆளில்லை. இலவசமாக வேண்டுமென்றால் சொனொட்டிக், 0 ஏ.டி. இரண்டும் லானில் ஓடும். என் அபிப்பிராயம்: ஒரு பெரிய கேம், எல்லா மெஷினிலும் ஓடும் ஒரு சின்னக் கேம், மொத்தம் இரண்டு. ஐந்து கேம் பட்டியல் போட்டால் இரவு முழுக்க இன்ஸ்டோல் பண்ணுவதிலேயே போய்விடும்.

60 ஜிபி கேம் ஒன்றை 20 பேரும் தனித்தனியாக இறக்கினால் 1,200 ஜிபி. நம் வீட்டு இணையப் பொதிகளின் கோட்டாவுக்கு அது கட்டாது. "வீட்டிலேயே இறக்கி, அப்டேட் பண்ணிக்கொண்டு வாருங்கள்" என்று வட்ஸ்அப் குழுவில் ஒரு வாரத்துக்கு முன்னமே போடுங்கள், முதல்நாள் இரவு இன்னொரு தரம் போடுங்கள். அப்படியும் நாலு பேர் வெறும் கையோடு வருவார்கள். அவர்களுக்காகத்தான் ஸ்டீமில் 2023இல் வந்த உள் நெட்வேர்க் பரிமாற்ற வசதி இருக்கிறது: டவுன்லோட் செட்டிங்குக்குள் போய் அதை இயக்கி, நண்பர் பட்டியலில் இல்லாதவருக்கும் அனுமதி கொடுத்தால், பக்கத்து மேசைக் கணினியிலிருந்தே கேம் இறங்கும், கோட்டா அதிகம் குறையாது. கிகாபிட்டில் 60 ஜிபி பத்து நிமிடம் அளவில் முடியும். ஒன்றரை மணி நேரம் காட்டினால் கேபிளை மாற்றிப் பாருங்கள், எங்கோ ஒரு கம்பி சரியாகப் பிடிக்காமல் 100 எம்பிபிஎஸுக்கு விழுந்திருக்கும்.

பென் டிரைவில் கிராக் பண்ணிய கேம் சுற்றிவரும். ஒரு வைரஸ் இருபது கணினிக்கும் போக அது போதும், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போன்களுக்குத் தனி வைஃபை பாஸ்வேர்ட் கொடுங்கள், கொடுக்காமலே விட்டாலும் நல்லது, எல்லாருடைய போட்டோவும் பேக்கப் ஆகத் தொடங்கினால் கோட்டா போய்விடும்.

படி 5: அன்றைய நாள்

போயா சேர்ந்து வரும் நீண்ட வார இறுதி வசதிதான், ஆனால் போயா அன்று இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் பூட்டு, வெசாக் என்றால் வெளிச்சம் பார்க்க வரும் கூட்டத்தில் ஓட்டோ நகராது. டெஸ்க்டொப்பை ஓட்டோவில் கொண்டுவருபவர்களுக்கு ஒரு சொல்: பாரமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுங்கள், இல்லையென்றால் கேஸை மதர்போர்ட் கீழே வரும்படி படுக்க வையுங்கள். மொனிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றினால் போதும், ஆனால் திரை சீட்டின் முதுகுப் பக்கம் பார்க்கட்டும், ஆளின் முழங்கால் பக்கம் வேண்டாம்.

எல்லாரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லாதீர்கள். நெட்வேர்க் தெரிந்த இரண்டு பேர் முதலில், பிறகு மேசை மேசையாக. முதல் இரண்டு மணி நேரம் செருகுவதிலேயே போகும், டோர்னமென்ட் அட்டவணையை அதற்குப் பிறகு தொடங்குங்கள். 16 பேர் நொக்அவுட் என்றால் 15 ஆட்டம், தோற்றவர்கள் சும்மா இருக்காமல் பக்கத்தில் அந்தச் சின்னக் கேம் ஓடட்டும்.

சாப்பாடு கொத்து என்றால் கரண்டியோடு, வேறு மேசையில். எண்ணெய்க் கையோடு அடுத்தவன் கீபோர்டைத் தொடும் ஆட்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. ரோல்ஸ், பற்றிஸ் என்றால் டிஷ்யூ நிறைய வையுங்கள்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் என்றால் மேல்மாடி, கீழ்மாடி வீடுகளுக்கு நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் அலுவல் சுலபம். "அன்ரி, சனிக்கிழமை கொஞ்சம் சத்தம் இருக்கும், பத்து மணிக்குப் பிறகு ஹெட்போன்தான்" என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஸ்பீக்கர் கொண்டுவருவதை முழுக்கத் தடை செய்யுங்கள். பத்து மணிக்குப் பிறகு ஒரு கிளட்ச் (கடைசியாக மிஞ்சியவர் தனியாளாக நின்று வெல்லும் சுற்று) வென்றதும் பதினைந்து பேர் ஒன்றாகக் கத்துவதுதான் மிச்சப் பிரச்சினை, அதற்கு யன்னலைச் சாத்துவது தவிர வழியில்லை.

காசை முதலே சேருங்கள். மேசை, சாப்பாடு மட்டும் இல்லை, கரண்ட் பில்லையும் கணக்கில் போடுங்கள்: 9,000 வாட்ஸ் 12 மணி நேரம் ஓடினால் 108 யூனிட், யூனிட் கூடக் கூட விலையும் படி ஏறும், அந்தப் பில் அப்பாவின் கைக்குத்தான் வரும்.

வரும்போதே ஒவ்வொருவரின் பவர் கேபிள், மௌஸ், ஹெட்செட் எல்லாவற்றிலும் பெயர் எழுதிய டேப் ஒட்டிவிடுங்கள். கறுப்புப் பவர் கேபிள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், விடியற்காலையில் நித்திரைத் தூக்கத்தில் மாறிப்போனால் அடுத்த கிழமை முழுக்கக் குழுவில் அதே கதைதான். மண்டபம் என்றால் சாவி கொடுக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னமே கடைசி ஆட்டத்தை முடியுங்கள், கேபிள்களை நடுச் சுவிட்ச்சிலிருந்து கழற்றிக்கொண்டே சுருட்டினால் சிக்காது.