மரச்செக்கு போடப் போகிறவர்களுக்கு: நான் பட்ட சில பாடுகள்

சிவகிரி பக்கம் செக்கு போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. இப்போது மாதத்துக்கு இரண்டு பேராவது வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள். விதையைச் சலிக்க வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் அவர்களும் செய்வதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

ஈரச் சரக்கை மலிவு என்று வாங்குவது

போன மாதம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் ஒரு பிடி நிலக்கடலைப் பருப்போடு வந்தார். "அண்ணா, மார்க்கெட்டை விட கிலோவுக்கு ஆறு ரூபா கம்மிங்க. ஒரு டன் சொல்லிப்போட்டனுங்க" என்றார். இரண்டு பருப்பை எடுத்து விரலுக்குள் தேய்த்தேன். தோல் கழலவில்லை. பல்லில் கடித்தால் நொறுங்காமல் நசுங்கியது. "ஈரமா இருக்குதே கண்ணு" என்றேன். "ஆட்டறப்ப எப்படியும் தண்ணி தெளிக்கத்தானுங்க போறோம்?"

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய செக்காளரிடம் இதே கேள்வியை நானும் கேட்டேன். அவர் பதிலே சொல்லாமல் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனார்.

ஆட்டும்போது தெளிக்கிற தண்ணீர் வேறு, பருப்புக்குள் உட்கார்ந்திருக்கிற ஈரம் வேறு. உலக்கையில் நசுங்கிய மாவின் மேல் கையளவு தண்ணீர் பட்டால் மாவு சேர்ந்து புண்ணாக்காக இறுகும், எண்ணெய் பிரியும். கொஞ்ச நேர வேலை அது. உள்ளே இருக்கிற ஈரமோ மூட்டையில் கிடக்கிற நாளெல்லாம் பூஞ்சையை வளர்க்கும். எண்ணெய்யின் புளிப்பை ஏற்றும், ஒரே மாதத்தில் சிக்கு வாடை வரவைக்கும்.

அது போகட்டும், காசுக் கணக்கையே பார்ப்போம். காய்ந்த பருப்பு, அதாவது 8 சதவீத ஈரத்தில், கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் சரக்கு 14 சதவீத ஈரம், 114 ரூபாய். அவர் வாங்கிய 1,000 கிலோவைக் காயவைத்து 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் கையில் நிற்பது சுமார் 935 கிலோ. கொடுத்ததோ 1,14,000 ரூபாய். கிலோவுக்குக் கிட்டத்தட்ட 122 விழுகிறது. காயவைக்கிற ஆள் கூலி, களத்து வாடகை, மழை வந்தால் ஓடி மூடுகிற பாடு எல்லாம் தனி. மலிவு எங்கே இருக்கிறது?

என் கதை இதைவிட மோசம். ஆடிப் பட்டத்துக் கடலை ஐப்பசியில்தான் வரும், மழையும் அப்போதுதான் பிடிக்கும். விலை இறங்கியிருக்கிறதே என்று 40 மூட்டை காய் வாங்கினேன். சிமெண்டுத் தரையில் சுவரோடு சேர்த்து அடுக்கித் தார்ப்பாயும் போட்டு மூடினேன். பாதுகாப்பாம்! நான்காம் நாள் ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி சுட்டது. உடைத்துப் பார்த்தால் பருப்பின் மேல் பச்சைப் பொடி. பாதிக்கு மேல் குழி வெட்டிப் புதைத்தோம். ஐயன் (என் அப்பா) அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

அந்தப் பச்சைப் பூஞ்சைதான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குவது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகத்துக்கே இது தெரிந்தது. அவை தின்றது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்க்கும்போது எண்ணெய்யிலிருந்து இது நீங்கிவிடும். நம் செக்கெண்ணெய்க்கு அந்த வசதி கிடையாது, வந்ததை அப்படியே ஊற்றிக் கொடுக்கிறோம். பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும், மாடு தின்றால் பாலுக்கும் வரும். அதனால் சேவூர் ஏலத்தில் எடுத்தாலும் சரி, சொந்தக்காரர் தோட்டத்தில் எடுத்தாலும் சரி, காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வரவேண்டும்.

தேங்காய்ப் பருப்புக்கும் இதே கதைதான். 6 சதவீத ஈரத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். உடைத்தால் 'டக்'கென்று உடையணும், வளைந்தால் வாங்காதீர்கள். காங்கேயம் பக்கம் இத்தனை உலர்களங்கள் வந்ததற்கு அந்த மண்ணின் காய்ந்த காற்றுதான் காரணம். அந்த வெயிலையும் மீறி அவசரத்துக்குக் கந்தகப் புகை போட்டு வெளுக்கவைத்தவர்களும் உண்டு. புதிதாக வருபவர்கள் வெள்ளை வெளேரென்று இருப்பதைத்தான் முதல் தரம் என்று அள்ளுகிறார்கள். மூக்கருகே கொண்டுபோனால் கந்தக வாடை தெரிந்துவிடும்.

புத்தகக் கணக்கைக் கையில் எதிர்பார்ப்பது

கொப்பரையில் 60 சதவீதத்துக்கு மேல், எள்ளில் 50ஐ ஒட்டி, நிலக்கடலைப் பருப்பில் 45 முதல் 50 என்று எண்ணெய் இருப்பது உண்மைதான். செக்கு அதை முழுசாகக் கொடுக்காது, ஒரு பங்கு புண்ணாக்கில் நிற்கும். அப்புறம் ஒன்று. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். கிலோவில் அடக்க விலை போட்டு லிட்டரில் விற்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

புண்ணாக்கைக் கழிவாக நினைப்பது

மாடு வைத்திருப்பவரிடம் கேளுங்கள், மரச்செக்குக் கடலைப் புண்ணாக்கு என்றால் முன்பணம் கொடுப்பார். எனக்கு எண்ணெய் லாபம் கையைக் கடித்த மாதங்களில் கரண்ட் பில் கட்டியது புண்ணாக்குதான்.

எல்லா விதையையும் ஒரே செக்கில் போடுவது

கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை, கொண்டுவந்து "இதையும் ஆட்டிக் கொடுங்க" என்பார்கள். முகத்துக்காகச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. உரலில் ஒட்டியிருக்கிற மிச்சம் அடுத்த கடலைப் புண்ணாக்கோடு கலந்தால் மாட்டுக்காரருக்கு யார் பதில் சொல்வது? அந்தப் புண்ணாக்கு நிலத்துக்கு உரம், அவ்வளவுதான். விளக்கெண்ணெய் நல்ல பொருள்தான், சந்தேகமில்லை. ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் அதற்கென்றே வீரிய ஒட்டு ரகம் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அந்த எண்ணெய்யின் பெரிய வியாபாரம் மசகெண்ணெய், சோப்பு, பெயிண்ட், மருந்து என்று ஆலைகளுக்குப் போகிறது, விதையும் பெரும்பாலும் குஜராத்தில் விளைகிறது. வேப்பங்கொட்டையும் இப்படித்தான், பூச்சிவிரட்டிக்கு நல்ல கிராக்கி. செய்வதானால் தனிச் செக்கு, தனி இடம்.

எள் ஆட்டும்போது சேர்க்கிற கருப்பட்டியில் கஞ்சத்தனம்

செய்யாதீர்கள். எண்ணெய் பிரியாது, ருசியும் வராது.

சூரியகாந்தியைத் தோலோடு ஆட்டுவது

வருகிற எண்ணெய்யைத் தோலே குடித்துவிடும்.

ஆட்டிய அன்றே பாட்டிலில் அடைப்பது

இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, அடிமண்டி வராமல் மேலாக எடுங்கள். மண்டியோடு போன எண்ணெய்தான் முதலில் கெடும்.

தேங்காய் எண்ணெய் உறைந்ததென்று பயந்து பணத்தைத் திருப்பித் தருவது

24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும். மார்கழிக் காலையில் எவராவது பாட்டிலோடு வந்து நின்றால், வெயிலில் பத்து நிமிடம் வைத்துக் காட்டி அனுப்புங்கள்.