திருகோணமலையின் புதிய வாக்காளர்களுக்கு

18 வயதை எட்டியவர்கள், வாக்காளர் இடாப்பில் தமது பெயர் உள்ளதா என்பதை முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பெயர் இல்லையெனில், அடையாள அட்டை கையிலிருந்தும் வாக்களிக்க முடியாது.

அடுத்து, வாக்கு எவ்வாறு ஆசனமாகிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். நாட்டு அரசியலில் ஈடுபாடுள்ள இளைஞர்களிற் பலர் கட்சிகளை அறிந்த அளவுக்கு இதை அறிவதில்லை என்பது என் கவலை. நாடாளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் 196 பேர் மாவட்டங்களிலிருந்து தெரிவாகின்றனர். திருகோணமலை, மூதூர், சேருவில ஆகிய தொகுதிகளைக் கொண்ட நமது மாவட்டத்துக்கு 4 ஆசனங்களே உண்டு. அவற்றில் ஒன்று முதலிடம் பெறும் கட்சிக்குப் போனஸாகச் செல்ல, 5 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்ற கட்சிகள் விலக்கப்பட்டு, எஞ்சிய மூன்றே விகிதாசாரப்படி பகிரப்படுகின்றன. வாக்குகள் பல சிறு குழுக்களிடையே சிதறுவதன் விலை இங்கேதான் புலப்படும்.

வாக்குச்சீட்டில் முதலில் கட்சியின் சின்னத்துக்கு எதிரே புள்ளடியிடுங்கள். அதன் பின்னரே, கீழேயுள்ள வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு அளியுங்கள். கட்சிக்குப் புள்ளடியிடாமல் இலக்கங்களை மட்டும் அடையாளமிட்டால் அந்தச் சீட்டு நிராகரிக்கப்படும்.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தும் ஆண்டுக்கணக்கில் அதற்குத் தேர்தல் நடத்தப்படாமற் போனது ஏன் என்று, வீடு தேடி வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேளுங்கள்.